கீழே இறங்காத கண்கள்

1. சர்டிபிகேட்

நான் எழுதிக் கொடுத்த அந்தச் சர்டிபிகேட்டில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அதை வைத்துத்தான் ஒரு மனிதரைக் குடிகாரர் என்று முடிவு கட்டினார்கள். கண் பரிசோதனைத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என் பழைய அனுபவங்களைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. விழுப்புரத்தில் ஒரு டாக்டரம்மா நடத்திய சிறிய கண் ஆஸ்பத்திரியில் நான் ரிஃப்ராக்‌ஷனிஸ்ட். யாருக்கு என்ன பவர் கண்ணாடி வேண்டும் என்று பார்த்து எழுதுவது என் வேலை. வியாதி பார்ப்பது டாக்டரம்மாவின் வேலை. புதன்கிழமைகளில் திண்டிவனம் மார்க்கெட் பக்கம் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு அறையில் நோயாளிகளைப் பார்ப்போம். டாக்டரம்மா காரில் வருவார். நான் எழுத்துகள் போட்ட சார்ட்டும் லென்ஸ் பெட்டியுமாகக் காலை பஸ்ஸில் முன்னாடியே போய்விடுவேன்.

அந்தத் தனியார் பஸ்ஸை ஓட்டியவர் ஏகாம்பரம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். திண்டிவனத்துக்காரர். காலையில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம், பிறகு பகல் முழுக்கத் திண்டிவனத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் டிரிப். என் லென்ஸ் பெட்டி குலுங்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். பள்ளம் வந்தால் ஒருமுறை கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைப்பார். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

ஒரு புதன்கிழமை அந்த பஸ்ஸில் வேறு டிரைவர் இருந்தார். கிளியனூருக்குப் பக்கத்தில் ரோட்டோரம் அடுக்கியிருந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகள்மேல் ஏறி வண்டி பள்ளத்தில் சாய்ந்துவிட்டதாம். உயிர்ச்சேதம் இல்லை. கண்டக்டர் முனுசாமிக்குத் தோள்பட்டை எலும்பு விட்டுப்போனது. எல்லாரும் சொன்னது விபத்தைப் பற்றி அல்ல, அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. ஏகாம்பரம் சீட்டிலிருந்து இறங்கினார், எதுவும் தடுக்காமலே மல்லாக்க விழுந்தார், தூக்கி நிறுத்தினால் மறுபடியும் பின்னால் சாய்ந்தார். வாய் குழறியது. கண் கொட்டாமல் எல்லாரையும் முறைத்தார்.

மதுவிலக்கு இருந்த காலம். ஆனால் எல்லையைத் தாண்டினால் பாண்டிச்சேரியில் தாராளமாகக் கிடைக்கும். தினம் அங்கே போய் வருகிற டிரைவர் மல்லாக்க விழுந்தால் ஊர் வேறு என்ன நினைக்கும்? பஸ் முதலாளி போலீஸ் கேஸ் ஆகாமல் பார்த்துக்கொண்டார். அதனாலேயே ஊருக்கு இன்னும் உறுதியாகிவிட்டது.

அடுத்த புதன்கிழமை முதலாளியே ஏகாம்பரத்தை அழைத்துக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார்.

"மூட்டை கண்ணுக்கே தெரியலன்றாரு. பதினெட்டு வருசமா எங்கிட்ட ஓட்றாரு, ஒரு ஆட்டுக்குட்டிமேல ஏத்தினதில்ல. கண்ணுல கோளாறுன்னா சொல்லுங்க, வைத்தியம் பாக்கலாம். கண்ணு நல்லா இருந்தா அப்புறம் நான் வேற மாதிரிதான் பாக்கணும்" என்றார்.

நான் சார்ட்டைக் காட்டினேன். ஏகாம்பரம் மெதுவாக, இழுத்து இழுத்து, கடைசி வரி வரைக்கும் படித்தார். இரண்டு கண்ணிலும் ஆறுக்கு ஆறு, முழுப் பார்வை. நிறம் பிரித்துப் பார்க்கிற கலர் புத்தகத்திலும் தவறில்லை. பக்கத்தில் படிக்கிற அட்டையைக் கையில் கொடுத்தபோது அதை மடியருகே வைத்துப் படிக்காமல் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வயதானால் கிட்டப் பார்வை மங்கிச் சாளேசுரம் வரும், சிலர் அப்படிப் பிடிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

"தட்டுல என்னா கீதுன்னு தெரிய மாட்டேங்குதுங்க" என்றார்.

"கிட்டப் பார்வைக்குத் தனியா கண்ணாடி போட்டுக்கலாம். வண்டி ஓட்டறதுக்கு அது வேண்டாம்" என்றேன்.

இரு கண்களிலும் தூரப் பார்வை சரியாக உள்ளது, வண்டி ஓட்டத் தடையாகப் பார்வைக் குறை ஏதும் இல்லை என்று எழுதினேன். அன்று கூட்டம் அதிகம். டாக்டரம்மா என் குறிப்பைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முதலாளி காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏகாம்பரத்தைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். நல்ல சேதிதானே சொன்னோம், இவர் ஏன் இப்படிப் பார்க்கிறார் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

மறுநாளே வேலை போய்விட்டது. காரணம்: குடிபோதையில் வண்டி ஓட்டியது.

2. பைஃபோகல்

ஏழெட்டு மாதம் கழித்து அவர் மனைவி பச்சையம்மாள் அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். ஏகாம்பரத்தின் சட்டை முன்பக்கம் முழுக்கச் சோற்றுப் பருக்கையும் குழம்புக் கறையும். கழுத்து விறைத்து, தலை சற்றுப் பின்னால் போயிருந்தது. ஒரு டாக்டர் பார்த்து நடுக்குவாதம், பார்க்கின்சன் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தாராம்.

"அந்த மாத்திரையில ஒண்ணும் கேக்கல சார். நாக்கு வறண்டு போச்சி. சம்பந்தம் இல்லாம பேசிக்கினு இருந்தாரு. நிறுத்திட்டேன். கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி போட்டுக்கலாம்னீங்களாமே, அதையாவது போட்டுடுங்க. சோறு எங்க கீதுன்னு தெரியாம துழாவுறாரு."

ஒரே கண்ணாடியில் தூரமும் கிட்டமும் தெரியட்டும் என்று பைஃபோகல் எழுதினேன். மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி கிட்டத்துக்கு. அந்த வயதில் எல்லாருக்கும் எழுதுவதுதான்.

மூன்று வாரத்தில் பச்சையம்மாள் அவரையும் அழைத்துக்கொண்டு திரும்பி வந்து கண்ணாடியை மேஜைமேல் வைத்தார்.

"இதைப் போட்டதுலேர்ந்து இன்னும் அதிகமா வுழறாரு. நேத்து படியில எறங்கும்போது வுழுந்து பின்மண்டை கிழிஞ்சி தையல் போட்டுக்கினு வந்தோம். என்னா கண்ணாடி சார் இது?"

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். கண்ணாடியில் குறையில்லை, ஃபிரேம் மூக்கில் இறங்கி உட்கார்ந்திருக்கும், அதைச் சரிசெய்தால் போதும் என்று நினைத்தேன். ஏகாம்பரத்துக்கு நேராக உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிவிட்டு, "கீழ்ப்பாதி வழியா என் கையைப் பாருங்க" என்று கையை அவர் மடிக்கு மேலே நீட்டினேன்.

"பாக்குறேங்க" என்றார்.

கண் அசையவில்லை. நேராக என் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கீழ பாருங்க."

"பாக்குறேங்க."

அவர் முயற்சி செய்கிறார் என்பது தெரிந்தது. நெற்றி சுருங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. கருவிழி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு டார்ச்சை அவர் முகத்துக்கு நேரே பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினேன். வெளிச்சம் இறங்கியது, கண் இறங்கவில்லை. பக்கவாட்டில் கொண்டுபோனால் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தது. மேலே கொஞ்சம் போனது. கீழே சுத்தமாக இல்லை.

இருபது வருடம் ஆயிரக்கணக்கான கண்களைப் பார்த்தவன் நான். எல்லாவற்றையும் நேராகப் பார்க்கச் சொல்லித்தான் பார்த்திருக்கிறேன். சார்ட் சுவரில் நேராகத் தொங்குகிறது. ஏகாம்பரத்துக்கு நேராகப் பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை. தட்டு, படி, ரோட்டோர மூட்டை, தன் கால், இவைதான் அவர் உலகத்தில் இல்லாமல் போயிருந்தன. கீழே பார்க்கவே முடியாத மனிதருக்கு, கீழே பார்த்தால் மட்டும் பயன்படுகிற கண்ணாடியைக் கொடுத்திருந்தேன். அதன் கீழ்ப்பாதி, படியில் அவருக்கு ஓரமாகத் தெரிந்த கொஞ்சநஞ்சத்தையும் மங்கலாக்கியிருக்கும்.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவரும் டார்ச்சை இறக்கிப் பார்த்தார். பிறகு ஏகாம்பரத்தின் பின்னால் நின்று, இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்து, "என் அசிஸ்டென்ட் முகத்தையே பார்த்துக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டுத் தலையை மெதுவாகப் பின்பக்கம் சாய்த்தார். மோவாய் மேலே போகப் போக, அவருடைய கருவிழி இமைக்குள் கீழே இறங்கியது. பொம்மையின் கண் மாதிரி, தானாக.

"இறங்குதும்மா!" என்றேன்.

"கண்ணை அசைக்கிற தசையும் நரம்பும் நல்லா இருக்கு. அதுக்கு மூளையிலேர்ந்து உத்தரவுதான் போய்ச் சேரல" என்றார் டாக்டரம்மா. அவர் தலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இது பார்க்கின்சன் இல்லன்னு நினைக்கிறேன். என்னன்னு எனக்கும் தெரியல. மெட்ராஸுக்கு அனுப்பலாம்" என்றார்.

பச்சையம்மாள் கேட்டார்: "அப்ப, குடிக்கிறதால இல்லியா?"

"குடிக்கிறாரா?" என்று டாக்டரம்மா திருப்பிக் கேட்டார்.

ஏகாம்பரம்தான் அந்தக் குழறிய குரலில், "திருவக்கரையில சத்தியம் பண்ணிட்டேங்க" என்றார்.

வேலை போன மாதம், பௌர்ணமியன்று திருவக்கரை வக்கிரகாளியம்மன் சந்நிதியில் அவரை நிறுத்தி, இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணச் சொல்லியிருக்கிறார் பச்சையம்மாள். 'நான் குடிக்கவே இல்லடி' என்று அவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். கடைசியில் மனைவிக்காக, செய்யாத தப்பை இனிச் செய்ய மாட்டேன் என்று கர்ப்பூரத்தில் அடித்துக் கொடுத்திருக்கிறார். சத்தியத்துக்குப் பிறகும் விழுந்தபோது, சாமியையே ஏமாற்றுகிறார் என்று பச்சையம்மாள் இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறார்.

3. மெட்ராஸில் இரண்டு மணி நேரம்

நானும் கூடப் போனேன். டாக்டரம்மா போகச் சொல்லவில்லை. நானே லீவு கேட்டேன்.

மெட்ராஸில் ஏகாம்பரத்தைப் பார்த்த நரம்பு டாக்டர் ஒல்லியானவர், அதிகம் பேசாதவர். அந்தக் காலத்தில் மூளையைப் படம் பிடித்துப் பார்க்கிற மெஷின் எதுவும் கிடையாது. கண்ணும் கையும் கேள்வியும்தான். ஏகாம்பரத்தை நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். பின்னால் நின்று தோளை லேசாக இழுத்தார். மரம் சாய்கிற மாதிரி ஏகாம்பரம் அப்படியே அவர்மேல் சாய்ந்தார். ஒரு கால்கூடத் தாங்கலுக்குப் பின்னால் போகவில்லை.

பிறகு கேள்விகள். சின்ன வயதில் நாள் கணக்கில் தூங்கிக்கொண்டே கிடந்த காய்ச்சல் ஏதாவது வந்ததா? சுரங்கத்தில் வேலை பார்த்ததுண்டா? வீட்டில் வேறு யாருக்காவது இப்படி? முதலில் வந்தது எது, கை நடுக்கமா, விழுவதா?

"நடுக்கமே இல்லீங்க. மொதல்ல வுழுந்தாரு. அப்புறந்தான் மத்ததெல்லாம்" என்றார் பச்சையம்மாள்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு முதல்முறையாக அவரை நன்றாகப் பார்த்தார். "அம்மா, நீங்க சரியாச் சொல்றீங்க. வரிசைதான் எனக்கு முக்கியம்."

அவர் விளக்கியதை எனக்கு நினைவிருக்கிற அளவில் எழுதுகிறேன். பார்க்கின்சன் மாதிரியே உடம்பை விறைக்க வைத்து, நடையைக் குறுக்கி, முகத்தை மரமாக்குகிற வியாதிகள் சில உண்டு. தூக்கக் காய்ச்சலுக்குப் பின்னால் வருவது ஒன்று, அதில் கண் மேலே செருகிக்கொள்ளும். மாங்கனீசு சுரங்கத் தூசியால் வருவது ஒன்று. உடம்பில் செம்பு தேங்கி இளம் வயதிலேயே வருவது ஒன்று, அதில் கருவிழி ஓரத்தில் ஒரு வளையம் தெரியும். நிஜமான பார்க்கின்சன்காரர் பெரும்பாலும் முன்னால் குனிந்து நடப்பார். சும்மா இருக்கும்போது கை பீடி சுருட்டுகிற மாதிரி ஆடும். மாத்திரைக்கு ஓரளவு கேட்கும். இவரோ நிமிர்ந்து நிற்கிறார், ஆரம்பத்திலேயே பின்னால் விழுகிறார், நடுக்கம் இல்லை, கண் கீழே இறங்கவில்லை, மாத்திரை கேட்கவில்லை.

"கனடாவில சில டாக்டருங்க இப்படிப்பட்ட ஆளுங்களைப் பத்தி இப்பத்தான், ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எழுதியிருக்காங்க. புரோகிரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சின்னு பேர் வெச்சிருக்காங்க. நான் படிச்சிருக்கேன். நேர்ல பார்க்கிறது இதுதான் முதல்."

"வைத்தியம்?" என்றேன்.

"இல்லை." அவர் சுற்றி வளைக்கவில்லை. "இது அதிகமாகும். பேச்சு குறையும், முழுங்கறது கஷ்டமாகும். ஆனா ஒண்ணு சொல்றேன். இது குடியால வர்ற வியாதி இல்லை. இவர் பக்கம் ஒரு தப்பும் இல்லை."

ஏகாம்பரத்தின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அந்த வியாதியில் தெரியாது. கன்னத்தில் மட்டும் தண்ணீர் இறங்கியது.

திரும்பி வருகிற ரயிலில் செங்கல்பட்டு தாண்டுகிற வரை பச்சையம்மாள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "ஊரு நம்பலன்னா போவுது. நானே நம்பலியே சார்" என்றார். என் சர்டிபிகேட்டும்தானே நம்ப விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

4. ஷெட்டில் படித்த கடிதம்

மெட்ராஸ் டாக்டரின் கடிதம் இங்கிலீஷில் ஒரு பக்கம் இருந்தது. புதன்கிழமை பச்சையம்மாள் அதை என்னிடம் நீட்டினார்.

"இதைத் தமிழ்ல எழுதிக் குடுங்க சார். வாய்வுட்டுப் படிச்சா கேக்கிற எல்லாருக்கும் வெளங்கணும்."

அந்தப் பெயரைத் தமிழில் எழுத முயன்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். கடைசியில் பெயரை விட்டுவிட்டு நடப்பதை எழுதினேன்: 'மூளையில் ஒரு பகுதி மெல்ல மெல்ல நலிந்துவருகிறது. அதனால் இவரால் கண்ணைக் கீழே இறக்க முடியாது, காலருகே இருப்பது தெரியாது. உடம்பு விறைக்கும், பின்பக்கமாக விழுவார், பேச்சு குழறும். குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.' டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். இந்த முறை நாலு தடவை படித்துவிட்டுப் போட்டார்.

பச்சையம்மாள் அதை எடுத்துக்கொண்டு நேராக பஸ் ஷெட்டுக்குப் போனார். நானும் போனேன். மதியம் டிரிப் மாறுகிற நேரம், ஆறேழு டிரைவர் கண்டக்டர்கள் இருந்தார்கள். முதலாளி உள்ளே உட்கார்ந்திருந்தார். பச்சையம்மாள் காகிதத்தைக் கண்டக்டர் முனுசாமியிடம் கொடுத்தார்.

"குடிச்சிருக்காருன்னு நீதானே மொதல்ல சொன்ன. நீயே படி."

முனுசாமி படித்தார். தோள்பட்டை கூடியிருந்தது, ஆனாலும் அந்தக் கையைச் சரியாகத் தூக்க முடியவில்லை. 'காலருகே இருப்பது தெரியாது' என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். மறுபடியும் அந்த வரியை மெதுவாகப் படித்தார். முடித்ததும், "வாடை ஒண்ணும் அடிக்கலதான் அக்கா. கீழ வுழுந்தாரு, அதான் சொல்லிட்டேன்" என்றார்.

முதலாளி வெளியே வந்து நின்றிருந்தார். "என்னை என்னாம்மா பண்ணச் சொல்ற? கண்ணு நல்லாக் கீதுன்னு எழுதிக் குடுத்ததே இவுங்கதான்" என்று என்னைக் கை காட்டினார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டரம்மாதான் கையெழுத்துப் போட்டார் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு யாருக்கும் இந்த வியாதியே தெரியாது என்று சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மைதான்.

"ஆமாங்க. நான்தான் எழுதினேன்" என்றேன். "தட்டுல இருக்கிறது தெரியலன்னு அவரு எங்கிட்டச் சொன்னாரு. நான் கேட்டுக்கல. சுவத்துல இருக்கிற எழுத்தைப் படிக்கிறாரான்னு மட்டும் பார்த்தேன். தப்பு என்மேல."

தொழிலில் என் தப்பை நாலு பேர் முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவை. முதலாளி உள்ளே போய் வேலை நீக்கக் கடிதத்தின் நகலை எடுத்துவந்தார். 'குடிபோதையில்' என்ற வரியைத் தம் பேனாவாலேயே அடித்தார். 'உடல்நலக் குறைவால்' என்று எழுதிக் கையெழுத்திட்டுப் பச்சையம்மாளிடம் கொடுத்தார்.

"சாயங்காலம் வூட்டுக்கு வர்றேன். பதினெட்டு வருசம் ஓட்டினவரு. நான் வந்து ஒரு வார்த்தை பேசணும்" என்றார். வந்தார் என்றும் கேள்விப்பட்டேன்.

5. பச்சையம்மாளின் தீப்பெட்டி

ஏகாம்பரம் இன்னும் நான்கு வருடம் இருந்தார். டாக்டரம்மாவும் நானும் சேர்ந்து எங்களுக்குத் தெரிந்த சின்னச் சின்ன ஏற்பாடுகளைச் சொன்னோம். பைஃபோகல் வேண்டாம். தட்டை ஒரு பெட்டிமேல் வைத்துக் கண்ணுக்கு நேராக உயர்த்தவேண்டும். படி இறங்கும்போது முன்னால் ஒருவர் போகவேண்டும். கஞ்சியைக் கெட்டியாகக் கொடுக்கவேண்டும், தண்ணீராகக் கொடுத்தால் புரையேறும். புதன்கிழமைகளில் முடிந்தபோது வீட்டுக்குப் போய்ப் பார்ப்பேன். முனுசாமியையும் அங்கே அடிக்கடி பார்த்திருக்கிறேன், ஏகாம்பரத்துக்குச் சவரம் பண்ணிவிட்டுக்கொண்டிருப்பார். கடைசி வருடம் பேச்சு நின்றுவிட்டது. ஆனால் நாம் சொல்வது எல்லாம் புரியும். கேள்வி கேட்டுவிட்டு வெகுநேரம் காத்திருந்தால் கையை அழுத்திப் பதில் சொல்வார். காத்திருக்கத் தெரியாதவர்கள் அவருக்குப் புத்தி போய்விட்டது என்றார்கள். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார்.

காரியம் முடிந்து சில மாதம் கழித்து, பச்சையம்மாள் ஒரு புதன்கிழமை எங்கள் அறை வாசலில் நின்றார். கூட அறுபது வயது அம்மாள் ஒருவரும், அவருடைய மருமகளும்.

"இவுங்க எங்க தெருதான் சார். ரெண்டு வருசமா ஒடம்பு வெறச்சிப் போயி கஷ்டப்படுறாங்க. எங்க வூட்டுக்காரருக்கு வந்த அதே நோவு, வைத்தியமே கெடையாதுன்னு ஊரே சொல்லிட்டுது. இவுங்களும் டாக்டர்கிட்டயே போவல. நேத்துதான் நான் போயிப் பாத்தேன்."

"பார்த்து?"

"தீப்பெட்டிய மூஞ்சிக்கு நேரா புடிச்சி எறக்கினேன். கண்ணு நல்லா எறங்குது சார். குனிஞ்சிக்கினு நடக்குறாங்க, வுழுந்தா முன்னாடி வுழறாங்க. கையைப் பாருங்க, சும்மா இருக்கும்போதே ஆடுது. கேட்டேன், மொதல்ல வந்ததே கை ஆட்டந்தானாம், வுழறது இப்பதானாம். எங்க வூட்டுக்காரருக்கு வந்தது இது இல்ல. மெட்ராஸ் டாக்டரு சொன்னாரே, மாத்திரைக்குக் கேக்கிற நோவு, அது இதுதான். ஜல்தியா பாருங்க சார், ரெண்டு வருசம் சும்மா போயிடுச்சி."

மருமகள் நம்பாமல் பச்சையம்மாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டரம்மா அந்த அம்மாளைப் பரிசோதித்தார். ஒரு பொது மருத்துவரையும் பார்க்கச் சொல்லி அனுப்பினார். பச்சையம்மாள் சொன்னது அப்படியே சரி. அந்த அம்மாளுக்கு இருந்தது பார்க்கின்சன். மாத்திரையில் முழுக்கக் குணமாகவில்லை, ஆனால் இரண்டு மாதத்தில் டம்ளரைத் தானே பிடித்துக் குடித்தார்.

பேர் தெரிந்து என்ன ஆகப்போகிறது, வைத்தியமே இல்லாத வியாதிக்கு என்று என்னிடம் பல பேர் கேட்டிருக்கிறார்கள். ஏகாம்பரத்துக்கு அது கெட்ட பெயரைத் துடைத்தது. அந்த அம்மாளுக்கு, உனக்கு அது இல்லை என்று சொல்லப் பயன்பட்டது. இரண்டு வியாதியும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, எது முதலில் வந்தது என்று கேட்டு, நோயாளி சொல்வதைக் காதில் வாங்குகிறவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும். அதற்குப் படிப்பு வேண்டும். படிப்பு மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு நானே உதாரணம்.

எங்கள் நோயாளிச் சீட்டில் 'அனுப்பியவர்' என்று ஓர் இடம் உண்டு. வேறு டாக்டர்கள் அனுப்பினால் அவர்கள் பெயரை எழுதுவோம். அன்று அந்த இடத்தில் 'திருமதி பச்சையம்மாள், திண்டிவனம்' என்று எழுதினேன். டாக்டரம்மா படித்துப் பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார்.